பழைய எஃகு ஹைபிரிட் மிதிவண்டி: தேர்வும் பராமரிப்பும்

ஹைபிரிட் மிதிவண்டி என்பது சாலை மிதிவண்டியின் பெரிய, மெலிந்த சக்கரத்தையும், மலை மிதிவண்டியின் நேரான ஹேண்டில்பார், பல கியர்கள், வலுவான பிரேக் ஆகியவற்றையும் ஒரே சட்டகத்தில் சேர்த்த வகை ஆகும். 1980களின் இறுதியில் அமெரிக்காவில் பரவத் தொடங்கிய இவ்வகையின் முதல் தலைமுறை வண்டிகள் பெரும்பாலும் எஃகுக் குழாய்களால் செய்யப்பட்டவை. பின்னர் அலுமினியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த எஃகு வண்டிகள் இன்றும் வட அமெரிக்க வீடுகளின் கார் கொட்டகைகளிலும், பழைய பொருள் விற்பனைகளிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

30 ஆண்டைக் கடந்த ஒரு வண்டியை வாங்கலாமா, வீட்டில் கிடப்பதைச் செலவு செய்து ஓட்டலாமா என்ற கேள்விக்கு வண்டியின் வயதை வைத்து விடை சொல்ல முடியாது. சட்டகத்தில் நான்கைந்து இடங்கள் நன்றாக இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தே விடை அமையும். அவை நன்றாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். இவ்வண்டிகள் செய்யப்பட்ட காலத்தில் நிறுவனங்கள் பெரும்பாலும் பொதுவான அளவுகளையே பின்பற்றின. அந்த அளவுகளில் உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

தோற்றம்

1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மலை மிதிவண்டியைப் பெருமளவில் தயாரித்து விற்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கர்கள் வளைந்த கைப்பிடி கொண்ட பந்தய வண்டிகளை விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் மலை வண்டிகளுக்கு மாறினார்கள். வாங்கியவர்களில் பலர் மலைப்பக்கம் போகவே இல்லை. தார்ச்சாலையில் அந்த வண்டிகளின் தடித்த, முட்கள் கொண்ட டயர் இழுவையாக இருந்தது. நிமிர்ந்த அமர்வையும் எளிய கியரையும் வைத்துக்கொண்டு சக்கரத்தை மட்டும் சாலை அளவுக்கு மாற்றினால் என்ன என்ற கேள்வியில்தான் ஹைபிரிட் பிறந்தது.

1976இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்லூ என்ற சிற்றூரில் ஒரு களஞ்சியக் கொட்டகையில் தொடங்கப்பட்ட ட்ரெக் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் விற்ற மல்டிட்ராக் வரிசை இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 720, 730, 750 என எண்ணிடப்பட்ட இவ்வண்டிகளில் குரோமோலி எஃகுச் சட்டகம் இருந்தது. வாங்குபவர் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1980களின் முற்பகுதியில் இதே நிறுவனம் 720 என்ற எண்ணில் நெடும்பயண வண்டி ஒன்றையும் விற்றது. அது வளைந்த கைப்பிடி கொண்டது, இன்று சேகரிப்பாளர்கள் தேடும் வண்டி. எண்ணை மட்டும் பார்த்து ஹைபிரிட்டுக்கு அந்த விலையைக் கேட்பவர்கள் உண்டு.

சட்டகத்தின் எஃகு

எஃகு என்று எழுதியிருப்பவை எல்லாம் ஒன்றல்ல. விலை குறைந்த வண்டிகள் சாதாரணக் கார்பன் எஃகில் செய்யப்பட்டன. நல்ல வண்டிகளில் குரோமோலி என்ற கலப்பு எஃகு இருக்கும். இதில் பரவலாகப் பயன்படும் 4130 என்ற வகையில் ஏறத்தாழ 1 விழுக்காடு குரோமியமும் 0.2 விழுக்காடு மாலிப்டினமும் கலந்திருக்கும். இரண்டு எஃகுகளின் விறைப்பும் அடர்த்தியும் ஒன்றே. குரோமோலிக்கு வலிமை அதிகம். வலிமை அதிகம் என்பதால் குழாயின் சுவரை மெலிதாக இழுக்கலாம், அதனால் எடை குறையும். குரோமோலி வண்டி இலகுவாக இருப்பதன் காரணம் இவ்வளவுதான்.

இன்னும் ஒரு படி மேலே, குழாயின் இரு முனைகளிலும் சுவர் தடிப்பாகவும் நடுவில் மெலிதாகவும் இருக்கும்படி செய்வார்கள். பற்றவைக்கும் இடத்தில் வெப்பத்தால் வலிமை குறைவதை அந்தத் தடிப்பு ஈடுசெய்கிறது. இம்முறைக்கு இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897இல் காப்புரிமை பெற்றார். சீட் குழாயில் ஒட்டியிருக்கும் சிறு வில்லையில் ரெனால்ட்ஸ், டாங்கே, கொலம்பஸ், ட்ரூ டெம்பர் போன்ற பெயர்களில் ஒன்று இருந்தால் குழாய் எங்கிருந்து வந்தது என்று தெரியும். வில்லையில் 'மூன்று முதன்மைக் குழாய்கள் மட்டும்' என்ற பொருளில் எழுதியிருந்தால், பின்பகுதியும் முன் ஃபோர்க்கும் சாதாரண எஃகு என்று புரிந்துகொள்ள வேண்டும். அது குறையல்ல, எடை சற்றுக் கூடும், அவ்வளவுதான். இத்தகைய வண்டி முழுமையாக ஏறத்தாழ 12 முதல் 14 கிலோ இருக்கும். நம் ஊர்க் கம்பி பிரேக் வண்டி 20 கிலோவை நெருங்குவது.

எஃகுக்கு அலுமினியத்திடம் இல்லாத ஒரு தன்மை உண்டு. ஓர் எல்லைக்குக் கீழான விசை எத்தனை முறை வந்தாலும் எஃகு களைத்து விரிசல் விடாது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. சிறு விசையும் போதிய தடவை வந்தால் ஒருநாள் விரிசல் வரும். எனவே பழைய எஃகு வண்டியில் நாம் முதலில் சந்தேகப்பட வேண்டியது சட்டகத்தை அல்ல, அதில் பொருத்தியிருக்கும் அலுமினிய ஹேண்டில்பாரையும் அதைத் தாங்கும் ஸ்டெம்மையும். முப்பது ஆண்டு ஓடிய அலுமினிய ஹேண்டில்பார் முன்னறிவிப்பின்றி ஒடியக்கூடும். வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், எப்படி ஓடியது என்ற வரலாறு தெரியாவிட்டால் இவ்விரண்டையும் மாற்றிவிடுவதே சரி. வேறு எந்தச் செலவைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளக்கூடாது.

வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

முன் ஃபோர்க் நுழையும் தலைக்குழாய்க்குப் பின்னால், மேல்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தின் அடிப்புறத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பெயின்ட் சுருங்கியிருந்தாலோ, குழாய் மேடு தட்டியிருந்தாலோ வண்டி எதிலாவது நேருக்கு நேர் மோதியிருக்கிறது என்று பொருள். அதை வாங்க வேண்டாம். அடுத்து, பெடல் அச்சு சுழலும் கூட்டுக்கு அருகில் பின்சக்கரத்தை நோக்கிச் செல்லும் இரு குழாய்களையும் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மெல்லிய கோடாகத் துரு கசிந்திருந்தால் அது விரிசலாக இருக்கலாம். பெயின்டில் மட்டும் உள்ள கீறல் குழாயை வளைத்துச் சுற்றிப் போகாது; விரிசல் போகும்.

சட்டகம் நேராக இருக்கிறதா என்று அறிய ஒரு நூல் போதும். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் வலப்பக்கப் பிளவில் நூலைக் கட்டி, முன்னே இழுத்துத் தலைக்குழாயைச் சுற்றி, இடப்பக்கப் பிளவுக்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்ட வேண்டும். இப்போது சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பின்பகுதி நடுவில் இருக்கிறது. ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு பொருட்டல்ல. அதற்குமேல் இருந்தாலும் எஃகுச் சட்டகத்தைத் தெரிந்தவர் கையால் வளைத்து நேராக்கிவிடலாம். கீழே விழுந்து வளைந்த பின் கியர் மாற்றியின் கொக்கிக்கும் இது பொருந்தும். எஃகுக் கொக்கியை நிமிர்த்தலாம். அலுமினியக் கொக்கி நிமிர்த்தும்போதே ஒடிவதுண்டு.

மேற்சொன்ன எதையும்விட அதிகமான வண்டிகளைக் கெடுப்பது சீட் பில்லர். எஃகுக் குழாய்க்குள் அலுமினிய சீட் பில்லர் பல ஆண்டு அசையாமல் இருந்தால், மழைநீரும் வியர்வையும் உள்ளிறங்கி இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடக்கும். அப்போது உண்டாகும் அலுமினிய ஆக்சைடு, மூல உலோகத்தைவிடப் பருமனானது. அது குழாய்க்குள் ஆப்பு அடித்ததுபோல் பில்லரை இறுக்கிவிடும். சீட் வேறொருவர் உயரத்தில் உறைந்துபோன வண்டியால் பயனில்லை. விலை பேசும் முன்பே சீட் போல்ட்டைத் தளர்த்திப் பில்லர் சுழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். விற்பவர் 'கொஞ்சம் டைட்டா இருக்கும்' என்றால் அதை 'வரவே வராது' என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மும் இதேபோல் முன் ஃபோர்க்கின் குழாய்க்குள் உறைவதுண்டு.

உறைந்த பில்லரை எடுக்கப் பலர் முதலில் தீயைக் காட்டுகிறார்கள். அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவது என்பதால் சூடு அதை மேலும் இறுக்கும். பில்லருக்குள் குளிர்விக்கும் பொருளை ஊற்றி அதைச் சுருங்கச் செய்வதே பொருளறிந்த வழி. அதற்கும் முன், துளைத்து இறங்கும் எண்ணெயைக் குழாயின் மேல்வாயிலும், வண்டியைக் கவிழ்த்துக் கீழ்வழியாகவும் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். பின்னர் பழைய சீட்டின் தலைப்பகுதியை வைஸில் பிடித்து, சட்டகத்தையே நெம்புகோலாகக் கொண்டு முன்னும் பின்னும் திருப்ப வேண்டும். மேலே இழுப்பதைவிடத் திருப்புவதே பிணைப்பை உடைக்கும். எதற்கும் அசையாவிட்டால் பில்லரை வெட்டி, உள்ளிருக்கும் துண்டை இரம்பத் தகட்டால் நீளவாக்கில் அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். அரை நாள் வேலை.

புதிய பில்லர் வாங்கும்போது பழையதன்மேல் பொறித்திருக்கும் விட்டத்தைப் பார்க்க வேண்டும். 26.8, 27.0, 27.2 மி.மீ. என 0.2 மி.மீ. இடைவெளியில் அளவுகள் உண்டு. 27.2 வேண்டிய இடத்தில் 27.0 போட்டால் முதலில் பொருந்துவதுபோல் தோன்றும். நாள்பட்டால் குழாயின் வாயே விரிந்துபோகும்.

டயர் அளவு என்னும் குழப்பம்

அளவுகள் பொதுவானவை என்று மேலே சொன்னது டயருக்கும் உண்மைதான், ஆனால் பெயர்கள் அப்படி இல்லை. ஹைபிரிட் வண்டியின் சக்கரம் 700சி எனப்படும். டயரின் உள்விளிம்பு ரிம்மில் உட்காரும் விட்டம் 622 மி.மீ. இதே ரிம்முக்கான டயரில் ஐரோப்பிய நிறுவனங்கள் 28 அங்குலம் என்றும், மலை மிதிவண்டிக்காரர்கள் 29 அங்குலம் என்றும் எழுதுகிறார்கள். மூன்றும் ஒன்றே. ஆனால் 27 அங்குலம் என்று எழுதிய பழைய சாலை வண்டி டயருக்கு 630 மி.மீ. ரிம் வேண்டும். ஆக 27 என்பது 28ஐயும் 29ஐயும்விடப் பெரியது.

தமிழ்நாட்டில் ஓடும் பாரம்பரியக் கம்பி பிரேக் வண்டியின் டயரில் 28 x 1½ என்று இருக்கும். அதன் உள்விட்டம் 635 மி.மீ. 28 என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்கினால் 622 மி.மீ. ரிம்மில் அது 13 மி.மீ. தளர்ந்து நிற்கும். டயரின் பக்கச்சுவரில் 37-622 என்பதுபோல் கோடிட்டு எழுதியிருக்கும் இரண்டு எண்களை மட்டுமே நம்ப வேண்டும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம் விட்டம். பழைய ஹைபிரிட்டுகளில் 35 முதல் 38 மி.மீ. வரையிலான அகலம் பொதுவாக மட்கார்டோடு பொருந்தும். வால்வும் வேறு. அமெரிக்க ஹைபிரிட்டுகளில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோன்ற வால்வு இருக்கும். ரப்பர் வால்வு டியூப் மாட்டும் நம் ஊர் வகையோடு அது ஒத்துப்போகாது.

டயரின் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால் கட்டைகள் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்ற வேண்டும். ஓடாமல் நின்ற வண்டியின் டயர்தான் இப்படி ஏமாற்றும்.

பிரேக்

இவ்வண்டிகளில் இருப்பது கேன்டிலீவர் பிரேக். ரிம்மின் இருபுறமும் பக்கவாட்டில் நீண்ட இரண்டு கைகள். இரண்டையும் ஒரு குறுக்குக் கம்பி இணைக்கும். அதன் நடுவை மேலிருந்து வரும் கேபிள் தூக்கும். எளிய அமைப்பு, நன்றாகவே நிறுத்தும். ஆனால் இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. முன் பிரேக்கின் மேல்கேபிள் அறுந்தாலோ நழுவினாலோ குறுக்குக் கம்பி கீழே விழுந்து டயரின் முட்களில் மாட்டும். சக்கரம் அங்கேயே பூட்டிக்கொள்ள, ஓட்டுபவர் கைப்பிடியைத் தாண்டி விழுவார். புதிய வண்டியில் முன்புறப் பிரதிபலிப்பான் மாட்டும் சிறு தகடு அந்த இடத்தில் குறுக்கே இருந்து கம்பியைத் தாங்கிக்கொள்ளும். அழகுக்காக அதைக் கழற்றி எறிந்த வண்டிகள் ஏராளம். தகட்டைத் திரும்ப மாட்ட வேண்டும், அல்லது மட்கார்டு போட வேண்டும். மட்கார்டும் அதே வேலையைச் செய்யும்.

1996இல் ஷிமானோ நிறுவனம் வி-பிரேக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைப் பொருத்தும் இடம் கேன்டிலீவருக்கானதே என்பதால் பலர் கையை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். வி-பிரேக் ஏறத்தாழ இரு மடங்கு கேபிள் இழுவையைக் கேட்கும். பழைய லீவர் அவ்வளவு இழுக்காது. பிடித்தால் மெத்தென்று இருக்கும், லீவர் கைப்பிடியைத் தொடும் வரை வந்துவிடும், வண்டி சரியாக நிற்காது. மாற்றுவதானால் லீவரையும் சேர்த்து மாற்ற வேண்டும். என் கருத்தில் நல்ல நிலையில் உள்ள கேன்டிலீவருக்குப் புதிய கட்டையும் புதிய கேபிளும் போட்டாலே போதும். பெரும்பாலானவர்கள் பிரேக் பிடிக்கவில்லை என்று குறைசொல்வது இறுகிக் கல்லாகிப்போன பழைய ரப்பர் கட்டைகளைப் பற்றித்தான்.

கட்டை பொருத்தும்போது அதன் முன்முனை பின்முனையைவிட ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு முன்னதாக ரிம்மைத் தொடும்படி வைத்தால் கீச்சொலி வராது. கட்டை டயரைத் தொடவே கூடாது. கேபிளின் வெளியுறையிலும் கவனம் வேண்டும். பிரேக்குக்கான உறையில் கம்பி சுருள்வடிவில் சுற்றியிருக்கும். கியருக்கான உறையில் கம்பிகள் நீளவாக்கில் செல்லும். கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டால் அவசரமாக அழுத்தும் நேரத்தில் அது வெடித்துப் பிரியும்.

ரிம் பிரேக் என்றால் ரிம்மும் தேயும் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ரிம்மின் பக்கச்சுவரில் ஓர் அளவுகோலின் நேர் விளிம்பை வைத்துப் பார்த்தால் நடுவில் பள்ளம் தெரியும். நன்றாகக் குழிந்திருந்தால் சுவர் மெலிந்துவிட்டது. காற்றழுத்தத்தைத் தாங்க முடியாமல் ஒருநாள் அது பிளந்துகொள்ளும். பழைய ஹப்பை வைத்துக்கொண்டு புதிய ரிம் கட்டலாம். கூலியைக் கூட்டினால் புதிய சக்கரமே மலிவாக இருப்பதும் உண்டு.

செயினும் பற்சக்கரங்களும்

இவ்வண்டிகளில் முன்னால் மூன்று, பின்னால் ஏழு பற்சக்கரங்கள் இருப்பது வழக்கம். முன்னால் 28, 38, 48 பற்கள் பொதுவான அமைப்பு. முன்னால் 28, பின்னால் 28 என்று வைத்து ஏறும்போது ஒரு பெடல் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 2.2 மீட்டர் நகரும். முன்னால் 48, பின்னால் 13 என்றால் 8 மீட்டர். பாரத்தோடு பாலமும் ஏறலாம், சமதளத்தில் காற்றோடும் போகலாம். அன்றாடப் பயணத்துக்கு இதைவிட அகன்ற வரம்பு தேவைப்படுவது அரிது.

செயினின் இரு ஊசிகளுக்கு இடையே அரை அங்குலம். எனவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. இருக்க வேண்டும். ஊசியும் அது சுழலும் துளையும் தேயத் தேய இந்நீளம் கூடும். செயின் இழுபட்டுவிட்டது என்று நாம் சொல்வது இதைத்தான். எஃகு அளவுகோலை ஓர் ஊசியின் நடுவில் வைத்து அளந்து, 306.4 மி.மீ. ஆகியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 308 மி.மீ. எட்டிவிட்டால் பின் பற்சக்கரங்களும் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும். புதிய செயின் மட்டும் போட்டால் மிதிக்கும்போது பல்லைத் தாண்டிக் குதிக்கும். மலிவான செயினை நேரத்தில் மாற்றுவது விலை கூடிய பற்சக்கரத்தைக் காப்பாற்றும்.

கடையில் 6, 7, 8 வேகங்களுக்குப் பொது என்று எழுதிய செயின் இதற்குப் பொருந்தும். ஏழு பற்சக்கரக் கேசட்டுகளும் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் எட்டோ ஒன்பதோ கொண்ட கேசட்டை வாங்கிவிடக் கூடாது. ஏழுக்கான ஹப்பின் உடல் குட்டையானது, அதில் அது முழுவதும் உட்காராது. ஹப்பை மாற்ற நினைப்பவர் பின் பிளவின் உள்ளகலத்தை அளக்க வேண்டும். 135 மி.மீ. இருந்தால் நீண்ட காலமாக மலை மிதிவண்டிகளுக்குப் பொதுவாக இருந்த ஹப் நேராகப் பொருந்தும். 130 இருந்தால் எஃகுச் சட்டகத்தை ஐந்து மில்லிமீட்டர் விரிக்கலாம். அலுமினியத்தில் அந்த வேலையைச் செய்யக்கூடாது.

ஓவராயில்

முன்சக்கர ஹப், பின்சக்கர ஹப், தலைக்குழாய், பெடல் அச்சு ஆகிய நான்கிலும் பால்ரஸ் இருக்கும். தமிழ்நாட்டின் எந்த ஊர் சைக்கிள் கடைக்காரருக்கும் இந்தக் கோனும் குண்டும் புதிதல்ல. இங்கே செய்யும் அதே ஓவராயில்தான். பழைய கிரீஸ் காய்ந்து மெழுகுபோல் ஆகியிருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி, குண்டுகளைப் புதிதாக மாற்றி, கிரீஸை நிறைய வைத்து மூட வேண்டும். பொதுவான ஹப்புகளில் முன்சக்கரத்துக்குப் பக்கத்துக்குப் பத்தாக 3/16 அங்குலக் குண்டுகள், பின்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு ஒன்பதாக 1/4 அங்குலக் குண்டுகள். கழற்றும்போது எண்ணி வைத்துக்கொள்வது நல்லது. கோனில் அம்மைத்தழும்புபோல் குழிகள் விழுந்திருந்தால் அதை மாற்ற வேண்டும். ஹப்பில் அழுத்தியிருக்கும் கிண்ணத்தில் குழி விழுந்தால் ஹப்பே போனது.

குயிக் ரிலீஸ் நெம்புகோல் கொண்ட ஹப்பில் ஒரு நுட்பம் உண்டு. கோனை இறுக்கும்போது மயிரிழை ஆட்டம் விட்டு நிறுத்த வேண்டும். நெம்புகோலை மூடியதும் அச்சு சற்று அமுங்கி அந்த ஆட்டம் மறைந்துவிடும். நட்டு வைத்த நம் ஊர் அச்சில் பழகியவர்கள் ஆட்டமே இல்லாமல் இறுக்குவார்கள்; நெம்புகோல் மூடியபின் குண்டு நெருக்குண்டு சீக்கிரம் தேயும்.

பெடல் அச்சுக் கூடு பெரும்பாலும் 68 மி.மீ. அகலமும் ஆங்கில மரையும் கொண்டது. செயின் இருக்கும் வலப்பக்கக் கிண்ணத்துக்கு இடது மரை; வழக்கமான திசையில் திருகினால் கழலாது, மேலும் இறுகும். இடது பெடலுக்கும் இடது மரையே. குண்டுகள் உள்ள பழைய அச்சைத் திரும்பத் திரும்பச் சரிசெய்வதைவிட, மூடிய உருளை வடிவ அச்சுத் தொகுதி ஒன்றை வாங்கிப் போடுவது மேல். விலை குறைவு, தண்ணீர் புகாது, பல ஆண்டு மறந்துவிடலாம். பழைய அச்சின் நீளத்தை அளந்து அதே நீளத்தில் வாங்க வேண்டும். கிராங்கைச் சதுர அச்சில் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருப்பது தெரிந்தும் ஓட்டினால் அலுமினியக் கிராங்கின் சதுரத் துளை வட்டமாகிவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

காய்ந்த கிரீஸ் இன்னும் இரண்டு இடங்களில் வண்டியைக் கெட்டுப்போனதாகக் காட்டும். ஒன்று, விரலால் தள்ளும் கியர் ஷிஃப்டர். தள்ளினால் எதையும் பிடிக்காமல் வெறுமனே ஆடும். பலர் உடைந்துவிட்டது என்று தூக்கி எறிகிறார்கள். உள்ளே இருக்கும் சிறு கொக்கிகள் பிசுபிசுத்த கிரீஸில் ஒட்டிக்கொண்டதே காரணம். துளைத்து இறங்கும் எண்ணெயைத் தாராளமாகப் பீய்ச்சி, நூறு தடவை தள்ளிப் பார்த்தால் பெரும்பாலும் உயிர் வரும். பின்னர் இலகுவான எண்ணெய் சில துளி விட வேண்டும். மற்றொன்று, பின் ஹப்பின் ஃப்ரீவீல் பொறி. அதன் கொக்கிகள் ஒட்டினால் மிதிக்கும்போது பெடல் திடீரென வெறுமையாகச் சுழலும். போக்குவரத்து நடுவே எழுந்து நின்று மிதிப்பவருக்கு இது விழவைக்கும் குறை. குளிர் நாடுகளில் உறைபனி நாள்களில் இது அதிகம்.

துரு

வெளியே தெரியும் துரு பெரும்பாலும் அழகுக் குறைதான். உப்புத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சும் பெயின்டும் தொட்டால் நின்றுவிடும். சட்டகத்தைத் தின்பது உள்ளிருக்கும் துரு. சீட் பில்லர் ஓரமாக இறங்கும் மழைநீர் பெடல் அச்சுக் கூட்டில் தேங்கும். கூட்டின் அடியில் சிறு வடிகால் துளை இருந்தால் அது மண்ணால் அடைபட்டிருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பில்லரை எடுத்து, வண்டியைக் கவிழ்த்துத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, பில்லரைத் துடைத்துப் புதுக் கிரீஸ் தடவித் திரும்பச் செருகுவது ஐந்து நிமிட வேலை. வைக்கும்முன் பில்லரில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச ஆழக் கோடு குழாய்க்குள் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

விஸ்கான்சின், ஒன்டாரியோ போன்ற பகுதிகளில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அங்கே குளிர்காலமும் ஓடிய வண்டிக்கும், கோடையில் மட்டும் ஓடிய வண்டிக்கும் சட்டகத்தின் உட்புறத்தில் பெரும் வேறுபாடு இருக்கும். கடற்காற்று அடிக்கும் ஊர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அப்படிப்பட்ட இடத்தில் ஓட்டுபவர் வண்டியை முழுவதுமாகக் கழற்றும் ஒரு நேரத்தில் குழாய்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெயை ஊற்றி, சட்டகத்தை எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுற்றிவிட்டு, வடியவிட வேண்டும். பச்சை ஆளி விதை எண்ணெயும் இதற்குப் பயன்படுகிறது. உலர்ந்து படலமாக ஒட்டிக்கொள்ளும்.

எவ்வளவு செலவழிக்கலாம்

டயர், டியூப், கேபிள், பிரேக் கட்டை, செயின் ஆகிய ஐந்தும் எந்தப் பழைய வண்டிக்கும் முதல் நாளே வரும் செலவு. ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் அதோடு சேரும். வண்டியின் விலையைப் பேசும்போது இந்தத் தொகையையும் கூட்டியே கணக்கிட வேண்டும். ரிம் தேய்ந்து, கேசட்டும் முன் பற்சக்கரங்களும் போய், அச்சிலும் குழி விழுந்திருந்தால் கடையில் கொடுத்துச் செய்யும் கூலியோடு சேர்த்துத் தொகை இன்னொரு நல்ல பழைய வண்டியின் விலையைத் தாண்டிவிடும். அப்போது அதே அளவுள்ள இரண்டாவது வண்டியை வாங்கி, இதிலிருந்து பாகங்களை எடுத்துக்கொள்பவர்கள் கெட்டிக்காரர்கள். தானே கழற்றி மாட்டத் தெரிந்தவருக்குக் கணக்கு வேறு. கிராங்க் இழுப்பான், கோன் ஸ்பேனர், செயின் ஊசி தள்ளி, கேசட் கழற்றி ஆகிய நான்கு கருவிகள் இருந்தால் மேற்சொன்னவற்றில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம்.

செலவைப் பங்கிடும்போது நிறுத்தும் பாகங்களும் பிடித்திருக்கும் பாகங்களும் முதலில், டயர் அடுத்து, கியர் கடைசியில். கியர் சரியாக விழாத வண்டியில் வீட்டுக்கு வந்து சேரலாம். பெயின்ட் அடிப்பதற்கு இந்த வரிசையில் இடமே இல்லை. பழைய பெயின்ட் உரிந்த வண்டியைத் திருடர்களும் அவ்வளவாகத் தேடுவதில்லை.

நீண்ட நாள் ஓட்டாமல் வைப்பதானால் சுத்தம் செய்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, சக்கரங்கள் தரையில் படாதபடி தொங்கவிட வேண்டும். ஈரம் ஏறும் சிமென்ட் தரையில் காற்றில்லாத டயரோடு நிறுத்தி வைத்தால், வண்டியின் பாரம் ஒரே இடத்தில் அழுந்தி அந்த மடிப்பில்தான் டயர் முதலில் வெடிக்கும்.